கோயில் டிக்கெட்

"திருநீறு எங்கடி?" என்று யாரோ கேட்கவும், சிவசங்கரி ஈரக்கையோடு உள்ளே ஓடி திருநீறு வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தை எடுத்து வந்தாள். மாமியார் அமிர்தத்தைக் குளிப்பாட்டி, கோடிச்சேலை சுற்றி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வேலைபார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாரை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவ்வளவுதான்.

கிண்ணத்தைக் கண்டதும், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு வாசுகிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த மூன்று பெண்களின் தோள்களும் குலுங்கின. வெளியூர்க்காரர்கள் அழுகை முற்றிவிட்டதென்று நினைத்துக்கொண்டார்கள்.

சூளையில் கோணிப்போனதால் கம்பெனியில் கழித்துப்போட்ட கிண்ணம் அது. அமிர்தம் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமைகளில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவாள். வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தது அதுதான். பெண்களுக்குக் காசில்லாத பஸ், ஆனாலும் ஊர்க்காரர்கள் காதில் விழும்படி "கோயிலுக்கு ஆறு!" என்று கத்தித்தான் டிக்கெட் வாங்குவாள். இறங்குவதோ விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரி வாசலில். வெள்ளைப்படுதல், அடியிறக்கம், நிற்காத உதிரம் என்று புருஷனிடம் சொல்லக் கூசியதையெல்லாம் அங்கே டாக்டரம்மாவிடம் சொல்ல வைப்பாள். அவளுடைய தங்கை கர்ப்பப்பை வாயில் வந்த புற்றை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மறைத்து மறைத்தே செத்துப்போனவள். அந்தக் கோபம் அமிர்தத்துக்குக் கடைசிவரை ஆறவில்லை.

பரிசோதனை முடிந்தால் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு போண்டா, டீ. என்ன சிரிப்பு சிரிப்பார்கள்! ஊருக்குத் திரும்பியதும் தெருமுனையில் கூடையிலிருந்து கிண்ணம் வெளியே வரும். வரிசையாக நிற்கவைத்து நெற்றி நிறையப் பூசிவிடுவாள். "எத்தினி பேருக்குப் பூசுனாலும் கொறையவே மாட்டேங்குது பாரேன். கொளஞ்சியப்பன் கிருபடி!" என்பாள்.

பிணம் கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும். அவர்கள் திருநீறு பூசிக்கொள்ளும் அதே தெருமுனை. பறைச்சத்தம் தேய்ந்ததும் வாசுகி சிவசங்கரியின் கையைப் பிடித்தாள்.

"சங்கரி, வர்ற திங்கக்கெழம என்னாடி பண்றது? தெருவே பங்காளி. கருமாதி முடியறவரைக்கும் தீட்டு. கோயிலுக்குன்னு எப்புடிச் சொல்லுவ?"

சிவசங்கரி மற்றவர்களுக்குத் துணையாக எத்தனையோ முறை போய்வந்தவள்தான். சில மாதமாகத் தனக்கே இடையிடையே உதிரம் படுவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம்தான் அத்தை கண்டுபிடித்தாள். "இத்தினி பேரக் கூட்டிட்டுப் போறேன், என் வூட்டுலயே மறைக்கிறியா? வர்ற திங்கக்கெழம உன் மொறடி" என்று திட்டினாள். திட்டிவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"பாத்துக்கலாங்க்கா. காரியம் முடியட்டும்" என்றாள் சிவசங்கரி. சொல்லும்போதே அத்தையின் தங்கை நினைவுக்கு வந்தாள்.

சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகிய மாமனார் கோதண்டபாணி, நடையில் சுவரோரமாக உட்கார்ந்தார். யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொறையவே மாட்டேங்குதுன்னு உங்கத்த பெரும பேசுவாளே, கேட்டிருக்கியாம்மா?"

"கேட்டிருக்கேன் மாமா."

"தீரத் தீரக் கடையில வாங்கியாந்து கொட்டுனது நானு."

சிவசங்கரி அவர் மடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போறவ ஒரு நாளு தேங்காமூடி கொண்டாந்ததில்ல. எனக்குத் தெரியாதா? கேட்டா போறதையே வுட்டுடுவாளோன்னு கேக்கல." அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "தீட்டு கோயிலுக்குத்தாம்மா. ஆஸ்பத்திரிக்கு என்னா தீட்டு?"

அவள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே அவள் கணவன் அன்புச்செல்வன் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"என்னாங்க, திங்கக்கெழம நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். எனக்குத்தான்."

"ஏன், என்னா ஆச்சு?"

சொன்னாள். அவன் வேட்டியைப் பிழிந்தபடியே நின்றான். பிழியத் தண்ணீர் இல்லாதபோதும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நானும் வரட்டா?"

"வேணாம். வாசுகியக்கால்லாம் கூட வர்றாங்க."

திங்கட்கிழமை பஸ்ஸில் கூட்டம். முன்சீட்டில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். கண்டக்டர் பழைய வழக்கத்தில் டிக்கெட் கட்டைப் புரட்டியபடி, "கோயிலுக்கு ஆறா?" என்றார்.

வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அஞ்சுங்க" என்றாள் சிவசங்கரி. பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.