வைப்பர் ஆடவில்லை

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அமல்ராணி முதலில் சொன்னது புருஷன் பெயரை அல்ல. "வைப்பர் ஆடல" என்றாள்.

கட்டிலருகே நின்ற கொழுந்தன் அமலதாசுக்கு அது காதில் விழுந்தது, விளங்கவில்லை. "இன்னா அண்ணி?" என்று குனிந்தான்.

"வைப்பர் ஆடல."

நர்ஸ் வந்து போர்வையைச் சரிசெய்தாள். "பயத்துல இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க. பேச்சுக் குடுக்காதீங்க" என்றாள். அமலதாஸ் தலையாட்டினான். அண்ணன் சவரிராயன் பின்கட்டில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அதை அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது என்று விடியற்காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தவனுக்கு, இவள் சுயநினைவில் இல்லை என்பதே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் சுயநினைவில்தான் இருந்தாள். அவர் போய்விட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங் அவர் மார்பில் ஏறியதை அவள்தான் பார்த்தாள். ஆனால் அந்த நினைப்புக்குள் அவளை நுழைய விடாமல், அதன் வாசலிலேயே ஒரு சின்னக் கறுப்புக் கம்பி ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஜீப் அவள் மாமனார் ஞானப்பிரகாசம் மெட்ராசில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. அமல்ராணி கல்யாணமாகி வந்து இறங்கியதே அதில்தான். முக்காட்டுத் துணி காற்றில் பறந்து முள்மரத்தில் மாட்டி, ஊரே சிரித்தது. மல்லாட்டைக் கடலை மூட்டை மார்க்கெட் கமிட்டிக்குப் போனதும் அதில்தான், மாதா தேருக்கு முன்னால் ஜெனரேட்டர் போனதும் அதில்தான். பெட்ரோல் விலை ஏற ஏற ஜீப் வெளியே போவது குறைந்தது. கடைசியில் என்ஜினும் வெடிப்பு விட்டுப்போய், மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. மாமனார் இறந்த பிறகு, "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாமா அண்ணே?" என்று அமலதாஸ் ஒருமுறை கேட்டதற்கு, சவரிராயன் அவனோடு சில நாள் பேசாமலே இருந்தார்.

எண்பத்தைந்து சித்திரையில் சவரிராயனுக்கு அந்த யோசனை வந்தது. விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாண்டுரங்கன், பழைய ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டுப் புது டீசல் என்ஜின் வைத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டார். லாரியில் ஏற்றி ஜீப்பைக் கொண்டுபோய் அங்கே விட்டார். அதற்குப் பிறகு ஓய்ந்த நாளெல்லாம் விழுப்புரம் பஸ்தான். பட்டறையில் உட்கார்ந்து தகடு தட்டுவதையும் பெயிண்ட் அடிப்பதையும் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் கறையோடு திரும்பி வருவார்.

"இன்னா, சக்களத்தி சொகமா இருக்காளா?" என்பாள் அமல்ராணி.

"எழுந்து உக்காந்துட்டா. இன்னும் நடக்கத்தான் பாக்கி."

ஐப்பசியில் வண்டி தயாரானதாகச் சேதி வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டறை வாசலில் ஜீப் பாசிப்பச்சை நிறத்தில், மாமனார் காலத்தில்கூட அவள் பார்த்திராத பளபளப்போடு நின்றது. பாண்டுரங்கன் பானட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்துக்குங்க சார். மேல கெழவி, வயித்துக்குள்ள கொமரி."

"மெதுவா பேசுய்யா. வூட்டுக்காரி பக்கத்துல நிக்கிறா."

"நிக்கட்டுமே" என்றாள் அமல்ராணி. "ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கப்போறது அவருதானே, நானா?"

பாண்டுரங்கன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சவரிராயன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினார். எந்தச் சாமிக்கும் குறை வைக்கவில்லை.

விக்கிரவாண்டி தாண்டும்போது வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புது என்ஜின் தடதடவென்று, உழவு மாடு மூச்சுவிடுவதுபோல் போய்க்கொண்டிருந்தது. முதல் தூறலில் அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடிச் சட்டத்தின் மேலிருந்த சின்னக் கைப்பிடியைத் திருகினார். வைப்பர் அசையவில்லை. மறுபடி திருகினார். விரலால் தட்டினார். "இன்னாது, கோச்சிக்கினாளா?" என்றார். ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கண்ணாடி வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிற்று. அமல்ராணி எட்டி முந்தானையால் துடைத்தாள். துடைத்த கணமே மூடிக்கொண்டது. அவர் தலையை வெளியே நீட்டிச் சாலையைப் பார்த்தார். முகத்தில் மழை சாட்டையாக அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கூட்டேரிப்பட்டுல ஒரு டீக்கடை இருக்குது. அங்க ஓரங்கட்டிடலாம்" என்றார்.

கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று விளக்கில்லாமல் சாலையிலேயே நின்றிருந்தது. கரும்பின் அடிக்கட்டைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் அப்படி ஒன்று நிற்பது இருவருக்கும் தெரிந்தது.

அடக்கம் நடந்தபோது அவள் இல்லை. எலும்பு முறிந்த தோளோடு அவள் வீடு திரும்புவதற்குள், ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்திருந்தது. புது என்ஜின் வேகம் என்றார்கள் சிலர். கனம் தாங்காமல் வண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள் சிலர். ஆனால் எல்லாருக்கும் வாயில் இனித்த தீர்ப்பு வேறு: வண்டி எடுத்த சந்தோஷத்தில் விழுப்புரத்திலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சவரிராயன் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் குடிக்கிற மனிதர். அது போதுமானதாக இருந்தது. சிறிசுகள்கூட வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பேசின.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் பங்குச் சாமியாரிடமும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வைப்பருக்காக யாராவது சாவார்களா? அதிர்ச்சியில் பேசுகிறாள், பாவம். நாளாக ஆக, அவளுக்கே தன் வாய் வேறு யாருடையதோ என்று தோன்ற ஆரம்பித்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வளாகத்தில் நின்றபோது அமலதாஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணி, யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. அண்ணன் அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

அவளுக்கு மறுபடியும் கரும்பு வந்து மோதியதுபோல் இருந்தது. சொந்தத் தம்பி. அண்ணன் தோளில் ஏறித் தேர் பார்த்தவன். அவன் முகத்தில் கள்ளம் இல்லை; நிஜமாகவே கேட்டான்.

"நீயுமா அமலதாசு?" என்றாள். பிறகு, "கெளம்பு. விழுப்புரம் போலாம்" என்றாள்.

"இப்பவா? இந்தக் கையோடயா?"

"ஜல்தியா கெளம்பு."

போலீஸ் விடுவித்த ஜீப்பை அமலதாசே இழுத்துவந்து பட்டறைக்குப் பின்னால் தள்ளியிருந்தான். முகப்பு நசுங்கி, கண்ணாடியே இல்லாமல், வெறும் சட்டத்தோடு அது நின்றது. பாண்டுரங்கன் அதன் பக்கமே போவதில்லை போலிருந்தது; சக்கரத்தைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"என் கையால கட்டிக் குடுத்தேனேம்மா…"

"அழுவாதீங்க அண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வைப்பர் ஏன் ஆடல?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "வைப்பரா? புது ரப்பர் போட்டேன்மா. கையால ஆட்டிக்கூடப் பார்த்தேனே."

"என்ஜின் ஓடறப்போ பார்த்தீங்களா?"

"நல்ல வெயில் நாளு. அப்ப எதுக்கு…" பேசிக்கொண்டே ஜீப்புக்கு நடந்தார். சட்டத்தின் மேலிருந்த கைப்பிடியைத் திருகினார். "இது பழைய காலத்து வைப்பரு. மத்த ஜீப்புல எல்லாம் பேட்டரியில ஓடும். இது என்ஜின் ஓடினாத்தான்…"



கைப்பிடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் சட்டத்தின் ஓரமாகக் கீழே இறங்கியது. பாண்டுரங்கன் அதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். நசுங்கிய பானட்டின் இடுக்கில் குழாயின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. ஆடாமலிருக்க அதை யாரோ செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். யாரோ அல்ல. அவர்தான்.

"இன்னா மேஸ்திரி?" என்றான் அமலதாஸ்.

"பெட்ரோல் என்ஜின் காத்த உறிஞ்சி இழுக்கும் தம்பி. அந்த இழுப்பு இந்தக் குழாயில வந்துதான் வைப்பரை ஆட்டும். டீசல் என்ஜினுக்கு அப்படி இழுப்பு கெடையாது. இத்த எங்க சொருவறதுன்னு எடம் தெரியல. தொங்கிக்கினு இருந்துச்சின்னு கட்டி வுட்டேன்." குழாயின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். "கட்டித்தான் வுட்டேன். ஏன் தொங்குதுன்னு நெனச்சே பார்க்கல."

கம்பியை அவிழ்த்தார். குழாயின் நுனியை வாயில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சினார். கண்ணாடி இல்லாத வெற்றிடத்தில் வைப்பர் மெல்ல எழுந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. மூச்சு விட்டு மறுபடி உறிஞ்சினார். திரும்பி வந்தது.

அமல்ராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் வாய்க் காற்று. குழந்தை இளநீர் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினால் ஆடுகிற சாமான். அவளுக்கு அழுகை வரவில்லை. அமலதாஸ் புல்தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பாண்டுரங்கன் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "இந்த மாதிரி வைப்பர் வெச்ச வண்டி இன்னும் ரெண்டு செஞ்சேன்" என்றார். "ஒண்ணு ஒலக்கூரு. இன்னொண்ணு வானூரு."

வானம் மூட்டமாகத்தான் இருந்தது. மூவரும் அப்படியே பஸ் ஏறினார்கள்.

ஒலக்கூரில் துரைக்கண்ணு என்கிற விவசாயி, களத்துமேட்டில் ஜீப்பை நிறுத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பாண்டுரங்கனைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வா மேஸ்திரி! இன்னாய்யா, கூட்டமா வந்து நிக்கிற? வண்டியத் திருப்பிக் கேட்டுடாத, தரமாட்டேன்!"

"தொரை, மழையில வண்டிய எடுக்காத. வைப்பர் ஆடாது. என் தப்புத்தான்…"

துரைக்கண்ணு கடகடவென்று சிரித்தார். "இத்த சொல்றதுக்கா விழுப்புரத்துலேர்ந்து வந்த? எனக்கு ஆடி மாச மழையிலயே தெரியுமே!"

"தெரிஞ்சும் மழையில எப்படி ஓட்டுற?" என்றார் பாண்டுரங்கன்.

"பொகையில எதுக்குய்யா இருக்குது?" மடியிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து, தண்ணீரில் நனைத்து, கண்ணாடியில் பரக்கப் பரக்கத் தேய்த்துக் காட்டினார். "இப்படித் தேச்சி வுட்டேன்னு வெச்சிக்கோ, தண்ணி நிக்காம வழிஞ்சி ஓடிடும். ரோடு பளிச்சுன்னு தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல தொரை?"

"நீ மெக்கானிக்கு, உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வுட்டிருப்பன்னு நெனச்சேன். போன தபா உன் பட்டறைக்கு வந்தப்பக்கூட கேக்கலாம்னு இருந்தேன். டீ சாப்புட்டோம், பேச்சு வேற எங்கியோ போய்டுச்சி." அப்போதுதான் பின்னால் கட்டுப்போட்ட கையோடு நின்ற பெண்ணை அவர் கவனித்தார். "இந்தம்மா யாரு?"

அமலதாஸ் முன்னால் வந்தான். "சவரிராயன் சம்சாரம். ஐப்பசியில கூட்டேரிப்பட்டாண்ட…"

"ஓ, அந்த ஜீப்பு…" துரைக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கேள்விப்பட்டேன். அதுவும் நம்ம மேஸ்திரி கட்டின வண்டிதானா? குடிச்சிட்டு ஓட்டினாருன்னு…"

"குடிக்கல" என்றான் அமலதாஸ். களத்திலிருந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்தினான். "எங்கண்ணன் குடிக்கல! வைப்பர் ஆடல! போய் எல்லார்கிட்டயும் சொல்லுய்யா, வைப்பர் ஆடல!"

துரைக்கண்ணுவுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் அவர் கண்ணாடியைப் பார்த்தார், கையிலிருந்த புகையிலையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் உள்ளங்கையை விரித்தபடியே நின்றார்.

அமல்ராணி அவர் மேல் கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஆடியிலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. சிரித்துவிட்டு, தேய்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை எளிதாக இருந்திருக்கிறது அது. ஜீப்பைப் பிடித்துக்கொள்ளப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வானூர்க்காரருக்கு இந்தப் பொகையில விசயம் தெரியுமா?" என்று கேட்டாள்.

பாண்டுரங்கன் நிமிர்ந்தார். "தெரியாதும்மா. அவுங்க பள்ளிக்கூடப் பசங்கள ஏத்திக்கினு போறாங்க."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

அவள் முன்னால் நடந்தாள். களத்தைத் தாண்டுவதற்குள் அமலதாஸ் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். பின்னால் துரைக்கண்ணு, "நில்லும்மா, நானும் வர்றேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே வரப்பில் இறங்கினார். பஸ் நிற்குமிடத்தை அடைவதற்கு முன்பே தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.