சாரியின் பூர்வீகம்

மனைவி மூன்று நாளாகக் கணவரிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். நான்காம் நாள் காலையில்தான் வாய் திறந்தாள்.

"எங்கண்ணன்கிட்ட போய் ஒரு சாரி கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்ல நான் ஊமைதான்."

கணவர் அகராதி அச்சடிக்கும் அச்சகத்தில் இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை விசாரிக்காமல் விடமாட்டார். அங்கே அவருக்குப் பெயரே வேர்ச்சொல்தான். மச்சான் புதிதாகத் திறந்த தண்ணீர்க் குழாய்க் கடையில் ரிப்பன் வெட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரோ கத்தரிக்கோலைப் பிடித்தபடி ‘ஷாப்’ என்ற ஒரே வார்த்தையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வாங்க வந்தவர்கள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் ஒரு குழாய்கூட விற்கவில்லை. அன்று போனவர்கள் பிறகும் வரவில்லை.

சாரி கேட்க அவருக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விசாரிக்காத சொல்லை வாயில் போட்டுப் பழக்கமில்லை. அச்சகத்துத் தடித்த புத்தகங்களைப் புரட்டினார். ‘சாரி’ ஆதியில் தப்பை ஒப்புக்கொள்ளும் சொல்லே இல்லையாம். அதன் வேர் புண், வலி. துக்கத்தைச் சொல்லும் ‘சாரோ’வுக்கும் அதற்கும் முகஜாடைதான் ஒன்று, விசாரித்தால் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவருக்குப் புல்லரித்தது. இதைக் கேட்டால் மச்சான் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவார் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எந்த அகராதியிலும் இல்லை.

கடையில் ஈ காக்கை இல்லை. மச்சான் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், நிமிராமல்.

மாப்பிள்ளை உட்காரக்கூட இல்லை. வலி, புண் என்று வேரிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். மச்சான் தலையாட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. நாலு நாளாக அதே குழாய்களைத்தான் துடைக்கிறார் என்பது பளபளப்பிலேயே தெரிந்தது. அதைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வேர்ப்பொருள் சரிதான் என்று நினைத்தார். நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அப்போது ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். அவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி ஒதுங்கி நின்றார். அவள் ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்து, இந்த டேப் ஒழுகாதல்லவா என்று கேட்டாள்.

டேப்! பழங்காலத்தில் பீப்பாயின் ஓட்டையை அடைத்த முளை அல்லவா அது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் திருகிப் பார்த்தாள், இன்னொன்றைக் கேட்டாள், நிதானமாக யோசித்தாள். அவருக்குக் கண்ணில் நீரே கோத்துவிட்டது. கடைசியில் இரண்டு குழாய் வாங்கிக்கொண்டு போனாள்.

மச்சான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னவோ சொல்ல வந்தீங்களே மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மச்சான்." ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "சாரி."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மச்சான் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி, ஒரு துணியையும் கொடுத்தார்.

"ஆள் வர்ற வரைக்கும் சொல்லுங்க."

அவர் ஒரு குழாயை மடியில் வைத்துத் துடைத்தபடி, வாசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, பீப்பாயிலிருந்து ஆரம்பித்தார்.