ஒரு முறம் மல்லாட்டை

அஞ்சம்மாளின் தலைமாட்டில் மண்டியிட்டு மேக்கப் பெட்டியைத் திறந்த ஆளைப் பார்த்து, "யாருய்யா நீ?" என்று முத்துசாமி போட்ட அதட்டலில் ஒப்பாரியே ஒரு நிமிஷம் நின்றுபோனது.

முத்துசாமி செத்தவளின் அண்ணன். காலையில்தான் வளவனூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். தங்கச்சி சீரியலில் நடித்த இருபது வருஷமும் 'எங்க வீட்டு டிவி ரிப்பேரு' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் விடாமல் பார்த்த மனுஷன்.

செத்தவளின் தங்கை ஜெயம்தான் எழுந்து போய், இவர் பேர் தேவா, அக்காவுக்குப் பதினாறு வருஷமாக மேக்கப் போட்டவர், சேதி கேட்டு சென்னையிலிருந்து ஓடி வந்திருக்கிறார் என்று சமாதானம் சொன்னாள். அக்கா முகத்தை வேறு யாரும் தொட வேண்டாம், நானே செய்து அனுப்புகிறேன் என்று அவர் வாசலிலேயே கேட்டிருந்தார். சரி, செய்யட்டும் என்று முத்துசாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

தேவா வலது கன்னத்துக்குப் பவுடர் ஒற்றி முடித்தார். இடது பக்கம் திரும்பினார். அங்கேயே உடைந்துபோனார்.

"போன வியாழக்கிழமை அக்கா சிரிக்கலைங்க. நான்தான் வுட்டுட்டேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அழுகைக்கு நடுவே அவர் விளக்கினார். ஷூட்டிங்கில் பிணமாகப் படுத்தவர்கள், கட் சொன்னதும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். அது சீரியலில் எங்கேயும் வராது. பட்ட தீட்டு கழியத்தான் அது. அஞ்சம்மாள் பத்து சீரியலில் செத்தாள், பத்து தடவையும் பல் தெரியச் சிரித்தாள். பதினோராவது சாவு போன வியாழக்கிழமை. வெளியே மழை, வீடு திரும்ப திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அக்கா, ஒரு நிமிஷம்னு கூப்ட்டேங்க. 'அடுத்த சாவுல சேத்து சிரிச்சிடறேன் தேவா'ன்னுட்டுப் போய்க்கினே இருந்தாங்க."

அவ்வளவுதான், கூடத்தில் இருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை நன்றாக இருந்தவள் எப்படிப் போனாள் என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆளாளுக்கு தேவாவைத் திட்டினார்கள். முத்துசாமி எழுந்து நின்றுவிட்டார். விவரம் தெரிஞ்ச நீ கையைப் புடிச்சி நிறுத்தியிருக்க வேணாமா, என் தங்கச்சிய வாரிக் குடுத்துட்டு இப்ப பவுடர் பூச வந்துட்டியா, வெளிய போ என்று கத்தினார்.

தேவா பெட்டியை மூடிக்கொண்டு போய்ப் பந்தல் காலுக்கு அந்தாண்டை வெயிலில் நின்றார். அஞ்சம்மாள் ஒரு கன்னத்தில் பவுடரோடும் மறு கன்னம் கறுத்தும் கிடந்தாள்.

ஜெயத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைப்பானேன்? நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ ஒரு புண்ணியவான் வந்து தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். மூச்சு தாராளமாக வந்தது. அப்படி வந்ததற்காக அவளுக்கே அவள் மேல் அருவருப்பாகவும் இருந்தது.

அஞ்சம்மாள் சாவதற்கென்றே டிவிக்குப் போனவள். விழுப்புரத்தில் மகளிர் குழுக் கூட்டங்களுக்கு நாடகம் எழுதி, தானே நடித்தும் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ஒருவர், இமை அசையாமல் படுக்க ஒரு பொம்பளை வேண்டும் என்று சென்னைக்கு அழைத்துப் போனார். பிணமாகத் தொடங்கி, அப்பால் கொடுமைக்கார மாமியாராகி, கடைசியில் எப்படியும் செத்துவிடுவாள். மார்க்கெட்டில் காய்காரிகூட, "எப்பம்மா அடுத்த சாவு?" என்பாள். ஆனால் நாடகம் எழுதுவதை மட்டும் விடவில்லை. டிவியில அவனுங்க என்னைச் சாகடிக்கட்டும், என் நோட்டுல எவளும் சாவ மாட்டா என்பாள். முப்பது வருஷமாக எவளும் சாகவும் இல்லை.

இந்தக் கடைசி நாடகத்தில்தான் முதல் முறையாக ஒருத்தி சாகிறாள். அது அஞ்சம்மாளைப் பாடாய்ப் படுத்தியது. டிவியில சாவறது பொய்டி, வூட்டுல ஒருத்தி நெசமா எப்பிடி வுழுவான்னு தெரியணும் என்று பத்து நாளாக நடு அறையில் விழுந்து விழுந்து பார்த்தாள். புருஷன் போனபின் ஜெயம் அக்கா வீட்டோடுதான் இருந்தாள். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பதும் கட் சொல்வதும் அவள் வேலை. ஜெயம் கட் சொல்லாமல் அக்கா எழுந்திருக்க மாட்டாள். நடுவில் தொட்டால் சண்டைக்கு வருவாள். போன வாரம் பயந்துபோய்த் தோளை உலுக்கியதற்கு ரெண்டு நாள் பேசவில்லை.

நேற்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே மூன்று தடவை செத்தாயிற்று. மூன்று தடவையும் ஜெயம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட் சொன்னாள். சாப்பிட்டு முடித்து, பின்வாசலில் வேர்க்கடலைக் கோணியை இழுத்துப் போட்டு மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தபோது நாலாவது தடவை தொம்மென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நோட்டுப் பக்கத்தில் கிடக்க, அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். இந்த வாட்டி நல்லா வுழுந்திருக்கா என்றுகூடத் தோன்றியது. எத்தனை தடவைதான் எழுந்து போவது? கொஞ்ச நேரம் கெடக்கட்டும், பேஜாரு புடிச்சவ என்று திரும்ப வந்து உட்கார்ந்தாள். முறம் நிறைய உரித்து முடித்து, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்த்தான் கட் என்றாள். அப்புறம் இன்னொரு தடவை சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்பம்மா விழுந்தாங்க என்று கேட்டதற்கு, இப்பத்தான் என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாரடைப்பு, வந்து நேரமாயிடுச்சி என்று மட்டும் சொன்னார். காலையில் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகள் வெண்ணிலா அழவேயில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாங்களா சித்தி?"

"இல்லடி தங்கம். சத்தம் கேட்டு ஓடினேன். அதுக்குள்ளயே போயிட்டா."

பன்னிரண்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாய்க்கரிசி போட்டுத் தூக்கிவிடலாம் என்று முத்துசாமி அவசரப்படுத்தினார். ஜெயம் அரிசியைக் கையில் வாங்கிக்கொண்டு குனிந்தாள். பாதி முகம் ஒரு நிறம், பாதி முகம் ஒரு நிறம். இருபது வருஷம் கண்ணாடி பார்க்காமல் கேமரா முன்னால் போகாத முகம். ஜன்னல் வழியே தேவா தெரிந்தார். நிழலுக்குக்கூட நகராமல் அதே இடத்தில் நின்றார். உள்ளே வந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கி வந்தார்கள். இனி அந்த ஆள் எந்த முகத்துக்குப் பவுடர் போட்டாலும் இது ஞாபகம் வரும், சாகிறவரைக்கும் வரும் என்று ஜெயத்துக்குத் தெரிந்தது. அது எப்படி இருக்கும் என்று நேற்றிலிருந்து அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அரிசியைத் திரும்பக் கிண்ணத்திலேயே கொட்டினாள்.

"அண்ணா, அந்தாள உள்ள கூப்புடுங்க. அவரு மேல தப்பு இல்ல."

"அத அப்பால பேசிக்கலாம், நீ அரிசியப் போடு."

"சிரிக்காததால ஒண்ணும் சாவல அவ. வுழுந்தத நான் பாத்தேன். நடிக்கறான்னு நெனச்சி வுட்டுட்டேன். பின்னாடி குந்திக்கினு மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேண்ணா. ஒரு முறம் உரிச்சிட்டுத்தான் போய்ப் பாத்தேன்."

மேளக்காரர் ஒருவர் தோல் சூடேற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். முத்துசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் ஜெயத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வெண்ணிலா அவள் பக்கம் திரும்பவேயில்லை. எழுந்து செருப்பில்லாமல் வெயிலில் நடந்துபோய் தேவாவின் முன்னால் நின்றாள். "வந்து மீதியப் போட்டு வுடுங்க மாமா" என்று அழைத்து வந்தாள்.

தேவா இடது கன்னத்தை முடித்தார், பொட்டு வைத்தார், புருவத்தை விரலால் நீவிவிட்டார். முடித்ததும் பழக்கத்தில் பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து அஞ்சம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தார். அப்புறம் அதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டார். ஜெயம் வாய்க்கரிசி போட்டாள். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரிகள் வீட்டைக் கழுவிவிட்டுப் போனபோது மணி மூன்றரை. ஈரத்தரையில் ஜெயம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ஒரு டம்ளர்கூட உருளும் சத்தம் இல்லை. வெண்ணிலா எங்கே போனாள் என்று எழுந்து தேடினாள்.

பின்வாசலில் இருந்தாள். நேற்று உரித்த பருப்பு அங்கே முறத்தில் அப்படியே இருந்தது, பக்கத்தில் தொலிக் குவியல். அதை யாரும் தொடவில்லை. வெண்ணிலா இன்னொரு முறம் எடுத்து, கோணியிலிருந்து உரிக்காத மல்லாட்டையை அள்ளி அள்ளிப் போட்டாள். பழைய முறத்தைப் பார்த்தாள், இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டாள். கைப்பேசியை எடுத்து மணி பார்த்து, திரை தெரிகிற மாதிரி படியில் வைத்துவிட்டு உரிக்க ஆரம்பித்தாள்.

காலையில் கேட்ட கேள்விக்குத்தான் இது என்று ஜெயத்துக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போகத் தோன்றவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

வெண்ணிலாவுக்குப் பழக்கமில்லாத கை. ஒவ்வொன்றையும் நகத்தால் கீறி, பிளந்து, பருப்பை எடுப்பதற்குள் கால் நிமிஷம் ஆனது. சிலது நழுவி விழுந்தது, தேடி எடுத்தாள். நகக்கண் சிவந்துவிட்டது. இதில் பாதி நேரம்கூட ஆகாது எனக்கு என்று ஜெயம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையில் உடைத்தால் ஜல்தியாகப் போகும் என்றும் சொல்லவில்லை. கை தானாக முறத்துக்குப் போகப் பரபரத்தது. இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, முறம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.