லிஃப்ட் கம்பெனிக்கு எழுதிய நன்றி

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய்ப் பதினோரு நாளாயிற்று. நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை. யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு குடை மட்டும் இருந்தது.

ஆறாவது மாடியில் தையல் மெஷின் போட்டிருந்த தையல்காரம்மாவுக்குத்தான் பிழைப்பில் மண் விழுந்தது. பேன்ட்டுக்கு மடிப்புத் தைக்க ஆறு மாடி ஏற யாருக்கு மனசு வரும்? பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித் துணி வாங்கிப் பார்த்தாள். அளவெடுக்க ஆளையே கூடையில் ஏற்ற முடியாதே!

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டால் கால்மணி நேரம் இசை கேட்டது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "எழுத்து மூலமா கொடுங்க மேடம். இங்கிலீஷ்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தையல்காரம்மா உட்கார்ந்து எழுதினாள். லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் அனுப்புங்கள். இரண்டே வரி. அங்கேதான் சனி அவள் மாமனார் உருவத்தில் எட்டிப் பார்த்தது. அவர் முப்பத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்தவர். வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியதோடு சரி, ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை. ஆனாலும் இங்கிலீஷ் தன் சட்டைப்பையில் இருப்பதாகவே நினைப்பு.

"என்னம்மா இது, மொட்டைக் கடுதாசி மாதிரி? நன்றி எங்கே?"

"இன்னும் எதுவும் பண்ணலையே மாமா?"

"அதுக்குத்தான் முன்னாடியே சொல்லிடணும். நன்றி வாங்கினவன் சும்மா இருப்பானா? எழுது. தேங்க் யூ வெரி மச் ஃபார் ரிப்பேரிங் அவர் லிஃப்ட் ஸோ க்விக்லி."

எங்கள் லிஃப்ட்டை இவ்வளவு சீக்கிரம் சரிசெய்து தந்ததற்கு மிக்க நன்றி! அவளுக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. தங்கள் நன்றிக்கு நன்றி, புகார் முடித்துவைக்கப்பட்டது.

அவள் பதறிப்போய்ப் போன் செய்தாள். இசை கேட்டு முடித்ததும் அதே பெண்.

"லிஃப்ட் ஓடலைங்க!"

"ஓடுது மேடம். உங்க நன்றி வந்திருக்கே."

"அது தப்பா எழுதிட்டேன்."

"நன்றி வந்த புகாரைத் திறக்கிறதுக்குக் கம்ப்யூட்டர்ல பட்டனே இல்லை மேடம். இதுவரைக்கும் எங்களுக்கு யாரும் நன்றி சொன்னதில்லையா, அதனால பட்டன் வைக்கலை."

சரி, சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று மறுபடி உட்கார்ந்தாள். 'வி கேனாட் தேங்க் யூ' என்று எழுதினாள். உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது. முகத்தில் அடித்தாற்போலத் தெளிவாக இருந்தது.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ரொம்ப வெடுக்குன்னு இருக்கும்மா. நாளைக்கு அவங்க முகத்துல முழிக்க வேண்டாமா? கடைசியில 'இனஃப்'னு ஒண்ணு சேர்த்துக்க. போதிய அளவு சொல்ல முடியாது, கொஞ்சம்தான் சொல்ல முடியும்னு பக்குவமா இருக்கும்."

அவளும் சேர்த்தாள். எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது என்று இங்கிலீஷ்காரர்கள் நெஞ்சுருகி எழுதுகிற வாக்கியம் அது என்பது மாமனாருக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. வடிகட்ட நினைத்தவர்கள் அண்டாவோடு கவிழ்த்துவிட்டார்கள்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், பூங்கொத்தும் கையுமாக ஒரு பருத்த மனிதர், நிறை குடத்தைக் கவிழ்த்தாற்போல் வியர்வை. பின்னால் ஒருவன் அவளுடைய இரண்டு கடிதங்களையுமே பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுமந்துகொண்டு நின்றான். பூங்கொத்து வாய் திறந்து மூச்சு வாங்கியது. அதாவது, அதற்குப் பின்னாலிருந்த கம்பெனி மேனேஜர்.

"உட்... உட்காரலாமா?"

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு சொம்பு காலியானது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா. இப்படி ஒரு லெட்டர் வந்ததில்லை. படிச்சுட்டு எங்க ஆபீஸே அழுதுது. லிஃப்ட் பக்கத்துல நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

"அந்த லிஃப்ட்டு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குதுங்க. நீங்க எப்படி மேல வந்தீங்க?"

"படியிலதான். பட்டனை அமுக்கினேன், வரலை. யாரோ உபயோகிக்கிறாங்க போலன்னு நினைச்சேன்."

"பதினாலு நாளா யாருமே உபயோகிக்கலை."

மேனேஜர் அவளைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். "ஆனா இதுல ஓடுதேம்மா," என்றார், பரிதாபமாக.

எழுந்திருக்கப் போனவர் 'அம்மா' என்று அலறி மறுபடி நாற்காலியில் விழுந்தார். வலது முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. ஏறினது ஏறினதுதான்; இறங்குவது நடக்காது. சட்டம் சுமந்தவன், "நான் போய் ஆள் கூட்டிட்டு வரேன் சார்" என்று இறங்கியவன் போனவன்தான்.

மேனேஜர் தன் ஆபீஸுக்கே போன் போட்டார். அவருக்கும் இசைதான் கேட்டது. பாதி இசையில் தாளம்கூடப் போட்டார்.

"மெக்கானிக்கை உடனே அனுப்பும்மா. ஆறாவது மாடியில மாட்டிக்கிட்டேன்."

"அந்த லிஃப்ட் நல்லா ஓடுது சார். ரெண்டு நன்றி பதிவாயிருக்கு."

"நான் மேனேஜர் பேசறேன்!"

"சார், எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா வரணும்னு நீங்கதானே சார் உத்தரவு போட்டீங்க?"

மேனேஜர் போனை மடியில் வைத்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்தார். மாமனார் பேனாவோடு உள்ளறையிலிருந்து வந்தார். "கவலையை விடுங்க. அந்த நன்றி ரெண்டும் நான் சொல்லித்தான் எழுதினது. இப்பவும் நான் சொல்லச் சொல்ல..."

"வேண்டாம்!" என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் மேனேஜர். "மூடத்தனமா ஒரு நன்றியும் வேண்டாம். உள்ளதை மட்டும் எழுதுங்க."

தையல்காரம்மா எழுதினாள். லிஃப்ட் ஓடவில்லை. என்றைக்குமே சரிசெய்யப்படவில்லை. உங்கள் மேனேஜர் மேலே இருக்கிறார், இறங்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சின்ன வாக்கியம், பட்டனுக்குக் காஜா எடுத்த மாதிரி நறுக்கென்று. இரண்டு தடவை படித்துப் பார்த்து, ஓர் இடத்தில்கூட 'தேங்க்' என்ற எழுத்துகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். ஒல்லியான, பேசாத மனிதர். இருட்டுப் பொந்துக்குள் தலைகீழாய்த் தொங்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு லிஃப்ட்டை ஓடவிட்டார். மேனேஜர் நாற்காலியோடு அதில் கீழே போனார்.

மெக்கானிக் கை கழுவ வந்தவர் தயங்கி நின்றார். "ஏம்மா, ஆபீஸையே அழ வெச்சீங்களாமே. எனக்கும் ஒண்ணு எழுதித் தருவீங்களா? இத்தனை வருஷத்துல யாரும் தந்ததில்லை."

மாமனார் வாயைத் திறப்பதற்குள் அவள் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதிவிட்டாள். கூப்பிட்ட அன்றைக்கே வந்ததற்கு நன்றி. நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வேலை பார்த்தீர்கள். இன்றைக்கு எங்கள் லிஃப்ட் ஓடுகிறது. அவ்வளவுதான். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்க, படித்துச் சொன்னாள். "சாப்பிடலைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காகிதத்தை எண்ணெய் படாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. அதே பெண்.

"மேடம், மெக்கானிக் ஒரு நன்றி கொண்டுவந்து பதியச் சொல்றாரு. ஒரு லிஃப்ட்டுக்கு ரெண்டு நன்றிக்கு மேல ஏறாது. பழசுல ஒண்ணை வாபஸ் வாங்கணும்."

"அப்போ பட்டன் இல்லைன்னீங்க?"

"நேத்து ராத்திரி மேனேஜர் வைக்கச் சொன்னாரு."

"ரெண்டையுமே எடுத்துடுங்க."

"வாபஸ் வாங்கக் காரணம் போடணும் மேடம்."

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். வாசலில் லிஃப்ட் வந்து நின்று, கையில் மூன்று பேன்ட்டோடு ஒருவர் இறங்கினார்.

"லிஃப்ட் ஓடுதுன்னு போடுங்க," என்றாள்.

"சரிங்க மேடம்," என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.