டோக்கன் மெஷினில் திறந்த கதவு

மேனேஜர் அறைக்கு வெளியே காவலாளி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. ஸ்டோர் ரூமில் பெட்டிகள் காணாமல் போயிருந்தன. பூட்டை யாரும் உடைக்கவில்லை. அவர் தூங்கிவிட்டார் என்று பழி. வேலை நிலைக்குமா போகுமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

புரோகிராம் எழுதுகிற பெண் லேப்டாப்போடு வந்தாள். "பயப்படாதீங்கண்ணே."

"நான் எதுக்கும்மா பயப்படணும்? தூங்கினவன்தான் திருதிருன்னு முழிக்கணும்."

உள்ளே போனதும் அவள் நேராக ஆரம்பித்தாள். "சார், ஸ்டோர் கதவைப் பூட்டுறதும் திறக்கிறதும் நம்ம புரோகிராம்தான். பூட்டியிருக்கா இல்லையான்னு அதுல ஒரு இடத்துல குறிச்சு வச்சிருக்கோம். கதவுக்குன்னு எழுதின பகுதி மட்டும்தான் அதைத் தொடணும். அவசரத்துல எல்லாப் பகுதிக்கும் திறந்து போட்டுட்டோம். இப்ப கேன்டீன் டோக்கன் பகுதியும் அதுல கை வைக்குது."

"டோக்கன் அடிச்சா ஸ்டோர் திறக்குமா? கதை விடாதே."

"வாங்க, காட்டுறேன்."

கேன்டீன் மெஷினில் ஒரு டோக்கனை அடித்து, பாதியில் ரத்து செய்தாள். நடைபாதைக் கோடியில் 'டக்' என்று சத்தம். ஸ்டோர் கதவில் சிவப்பு விளக்கு பச்சையானது.

காவலாளி சிரித்தார். "சாப்பாடுன்னதும் வாயைத் திறக்குது பாருங்க சார். என்னைவிடப் பசி போல."

"தெரிஞ்சவன் எவனும் இதைச் செய்யலாம் சார்," என்றாள் அவள்.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவைத் தன் கையாலேயே சாத்தினார். "உடனே சரி பண்ணு."

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். இனி யார் கேட்டாலும் கதவின் பகுதியிடம்தான் கேட்க வேண்டும். அது சரிபார்த்துத்தான் திறக்கும். திரும்பத் திரும்ப டோக்கன் அடித்து ரத்து செய்தாள். கதவு அசையவில்லை.

"அப்ப நாளைக்கு டூட்டிக்கு வரேன்மா," என்றார் காவலாளி.

மேனேஜர் அவளை மட்டும் கூப்பிட்டார். "வேலை சுத்தம். வெளியே மூச்சு விடாதே. இதே புரோகிராமை ஊரெல்லாம் வித்திருக்கோம்."

"அப்ப அண்ணன்?"

"பெட்டி போனதுக்கு ஒரு ஆள் வேணுமே."

"அவர் மேல தப்பில்லைன்னு நீங்களே பார்த்தீங்களே சார்."

"பார்த்தேன். பார்த்தது நாம மூணு பேர்தான்."

வீட்டுக்குக் கிளம்பியவரை வாசலில் நிறுத்தி, சூப்பர்வைசர் கம்பெனிச் சட்டையைக் கேட்டார். காவலாளி வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு வந்தவர். மாற்றுச் சட்டை இல்லை. பொத்தான்களைக் கழற்றி, மடித்துக் கொடுத்துவிட்டு, பனியனோடு தெருவில் இறங்கினார்.

அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவன் அந்தச் சட்டையை உதறினான். முதுகுப்பக்கம் இன்னும் வேர்வை ஈரம். அப்படியே மாட்டிக்கொண்டு, பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றான்.