அடுப்படிச் சுவர்

போர் முடிந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சைகோனில் கறி கிடைப்பது அபூர்வம் என்பதால் பலரும் வீட்டிலேயே பன்றி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நகரின் கான் ஹொய் பகுதியில், நூர் நிஷாவின் பக்கத்து வீட்டு ஹாய் அக்காவும் ஒரு குட்டிக்குச் சொல்லிவைத்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில் கொட்டில் கட்ட அவள் பார்த்த இடம், நூர் நிஷாவின் அடுப்படிச் சுவர்.

"நான் பேசிக்கிறேன் மச்சான், நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள் நூர் நிஷா. தாய் வியட்நாம்காரி என்பதால் அவளுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு. காரைக்காலிலிருந்து வந்து துணிக்கடை நடத்திய அவள் கணவர் கிதிர் முகம்மதுக்கோ, கடை மூடிய பிறகும் வியாபாரப் பேச்சுக்கு மேல் வரவில்லை.

ஹாய் அக்கா புது அரசாங்கத்தின் தெருக்குழுத் தலைவி. முகம் கோணாமல் சொல்ல வேண்டும்.

"நல்ல யோசனைதான்க்கா. வெயில் காலத்துல நாத்தம் வருமோன்னுதான் பாக்குறேன்."

"ரெண்டு வேளையும் நானே கழுவி விடுறேன் தங்கச்சி."

"கழுவுற தண்ணி எங்க அடுப்படிக்குள்ள வந்திடாதே?"

மறுநாள் காலையில் ஹாய் அக்கா மண்வெட்டியோடு கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு. "உனக்காகத்தான்" என்று சிரித்தாள். நூர் நிஷா வாய் தவறி நன்றி சொல்லித் தொலைத்தாள்.

"வேணாம்னு சொல்லப் போனியா, கொத்தனாரு வேலைக்கு யோசனை சொல்லப் போனியா?" என்றார் கிதிர் முகம்மது.

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

செங்கல் வந்து இறங்கியபோது அவர் பொறுக்க மாட்டாமல் கொல்லைக்கு இறங்கினார். ஹராம் என்பதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கறை பட்ட துணிக்குக் கடையில் சொல்லும் சொல்தான் வாயில் வந்தது. கொட்டிலைக் காட்டி, "அழுக்கு, அழுக்கு" என்றார்.

ஹாய் அக்கா கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள். "எம் புள்ளைங்க கறி தின்னு மூணு மாசமாச்சு. நாங்க திங்கிறது உங்களுக்கு அழுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை நாள் நூர் நிஷா சொல்லைத் தேனில் தோய்த்துத் தோய்த்துப் பேசியதெல்லாம் வீண். இவர் ஒரே சொல்லில் கவிழ்த்துவிட்டார். ஆனால் தான் மட்டும் என்ன சொன்னோம்? நாற்றம், தண்ணீர் என்று சாக்குகளைத்தானே. மெய்யான காரணம் வாயிலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அவளே ஹாய் அக்காவின் வாசலுக்குப் போனாள்.

"அவர் சொன்னது தப்புக்கா. நீங்க திங்கிறதை அழுக்குன்னு சொல்ல எங்களுக்கு உரிமை இல்ல. அது எங்களுக்கு மார்க்கத்துல விலக்கு, அவ்வளவுதான். சோறாக்குற சுவத்துல அது வேணாம்க்கா. வளக்க வேணாம்னு சொல்லல, அந்த இடம் மட்டும் வேணாம்."

"இதை மொத நாளே சொன்னா என்ன?"

"தலைவிகிட்ட எப்படி இல்லன்னு சொல்றதுன்னு பயந்தேன்."

"பயந்து என்னைக் கால்வாய் வெட்ட வச்ச." ஹாய் அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு வீட்டுக்காரர் இல்ல, தனியாத்தான் வெட்டினேன். நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து செங்கல்லை எல்லாம் அந்தப் பக்கம் தூக்கிப் போடட்டும்."

மறுநாள் அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். கொட்டில் ஹாய் அக்காவின் ஜன்னலுக்கு அடியில் எழும்பியது. காற்று திரும்பினால் நாற்றம் நூர் நிஷாவின் வீட்டுக்குத்தான் வந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஹாய் அக்கா அவளைத் தங்கச்சி என்று மறுபடி கூப்பிட, அந்தக் குட்டி வளர்ந்து கறியாகும் வரை ஆயிற்று.