முப்பத்தொரு டிகிரி வெயில்

1.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாரியில் பாலமுனை மீனவர் ஒருவரின் போனில், பூட்டுத் திரையிலேயே வானிலை தெரியும்படி ஒருவன் வைத்துக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அவர் கடலுக்குப் போனார். காற்றில் மாட்டினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நனைந்த கோழிபோலக் கரையேறி, போனையும் அதை வைத்துக் கொடுத்தவனையும் வாய் நிறையத் திட்டினார். நடந்தது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

(இந்தப் பந்தியை மறந்துவிடாதீர்கள். இதற்கு நாம் திரும்பி வர வேண்டியிருக்கும்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: “பனி பெய்துகொண்டிருந்தது.”

மொழிபெயர்ப்பு நாவல்களை அதிகம் வாசித்தால் வரும் நோய் இது. எந்தக் கதையைத் தொடங்கினாலும் என் கையில் பனி விழுகிறது. கல்முனையில் நான் கண்ட பனியெல்லாம் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான்.

இரண்டாம் முயற்சி: “கடல் அன்று ஒரு

வேண்டாம். கடலை எதனோடும் ஒப்பிட எனக்கு இப்போது மனமில்லை. கடையிலிருந்து தொடங்குகிறேன்.

கல்முனையில் சப்ரியின் போன் கடை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் வேலைக்காரன் றினாஸ், இருபத்துமூன்று வயது. மேசைக்கடியில் எப்போதும் ஒரு தடித்த நாவல் திறந்தபடி கிடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, ஊரே அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் மீனவர் சரீப் வந்தார்.

“மருமகன், இதுக்குள்ள மழை வெயில் பாக்குற சாமான் ஒண்டு இரிக்காமே?”

“இரிக்கி காக்கா. போனத் திறந்தாப் பாக்கலாம்.”

“திறக்க ஏலாமத்தானே வந்திரிக்கன். எண்ட விரல இது மதிக்குதில்ல.”

கையை விரித்துக் காட்டினார். வலைக்கயிறும் உப்பும் விரல்ரேகையை அரித்துத் தின்றிருந்தன. நம்பரை அடித்துத் திறக்கவோ அவருக்குப் பொறுமையில்லை. திறக்காமலே தெரிய வேண்டும், நேரம் தெரிகிற இடத்திலேயே.

உள்ளேயிருந்து சப்ரி சீண்டினான். “இருவத்தாறு வருசமாக் கடலுக்குப் போற ஆள். வானத்த நிமிந்து பாத்தாத் தெரியாதா காக்கா?”

“வானம் எனக்குத் தெரியும்டா. வீட்டுக்காரிக்குத்தான் அத்தாட்சி காட்டணும். மாரி வந்தா வாசல்ல குறுக்க நிக்கிறாள்.”

மூவரும் சிரித்தார்கள்.

“ஒண்டு மருமகன், டேட்டாவக் குடிக்காம வை.”

றினாஸ் அப்படியே வைத்தான். வைஃபை கிடைக்கும்போது மட்டும் வானிலை புதிதாகும். மற்ற நேரத்தில் கடைசியாக வந்தது அப்படியே நிற்கும். கடை வைஃபையில் இணைத்ததும் திரையில் மஞ்சள் சூரியன் ஒன்று வந்தது. 31 டிகிரி. சரீப் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்லுது!” என்றார்.

அவருடைய வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று நான் கேட்க

(அடித்துவிடுகிறேன்.) றினாஸ் கேட்கவில்லை. நாவலில் ஒரு கப்பல் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அவசரம்.

3.

இந்த இடத்தில் சரீபை நான் நம்ப முடியாமல் தவித்தேன். இருபத்தாறு வருடம் வாடைக்காற்றோடு வாழ்ந்தவர், ஒரு மஞ்சள் பொட்டைப் பார்த்துவிட்டா மாரிக் கடலில் படகை இறக்குவார்? மாட்டார். இரண்டு வாரம் கதையைத் தூக்கி வைத்துவிட்டேன்.

பிறகுதான் விளங்கியது. அவர் திரையை நம்பவேயில்லை. நம்ப வேண்டியவர் வேறொருவர்.

4.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, கொட்டும் மழையில் நாச்சியா கடைக்கு வந்தார். சரீபின் மனைவி. சரீப் கடலுக்குப் போய் அன்றோடு ஒரு வாரம். படகு கோமாரிக் கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியிருந்தது. ஆள் ஒதுங்கவில்லை. இரண்டு தரம் உப்புத் தண்ணீரில் செத்துப் பிழைத்த போன் என்பதால், அதை அவர் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. நாச்சியா அதைக் கண்ணாடி மேசையில் வைத்து அழுத்தினார். சூரியன். 31 டிகிரி.

“இத வெச்சது நீங்கதானே, தம்பி?”

“ஓம் ராத்தா.”

“அண்டைக்குச் சுபஹோட எழும்பினாரு. கிழக்கால இருட்டிக் கிடந்திச்சு. போக வாணாம் எண்டு வாசல்ல நிண்டன். இதத் தூக்கி எண்ட மூஞ்சிக்கு நேர காட்டினாரு. ‘படிச்சவங்க போட்டிரிக்காங்க, வெயிலாம், நீ என்ன பெரிய ஆளா’ எண்டாரு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. விலகி வழி விட்டன்.”

(விடியுமுன், சுபஹு நேரத்தில், முப்பத்தொரு டிகிரி. இருவரில் ஒருவர் சூரியனை விட்டு அந்த இலக்கத்தைப் பார்த்திருந்தால்! ஆனால் அந்த வீட்டில் சூட்டை டிகிரியில் அளப்பவர் யாருமில்லை.)

“நாளைக்கு ஜும்ஆ முடியப் பள்ளிவாசல்ல கூடி, ஆள் இனி இல்ல எண்டு முடிவு சொல்லுவாங்க. மறுகா நான் வீட்டுக்குள்ள இத்தா இரிக்கணும். அதுக்கு முதல் ஒண்டே ஒண்டு கேட்டுட்டுப் போக வந்த. இந்த வெயில் மெய்யா? மெய்யெண்டா அல்லாட நாட்டம், பொறுத்துக்குவன். பொய்யெண்டா, நான் ஏன் வழி விட்ட?”

றினாஸ் வாயைத் திறக்குமுன் போன் கடையின் வைஃபையை அடையாளம் கண்டுகொண்டது. முன்பு இணைந்த இடமல்லவா. இருவரின் கண் முன்னே சூரியன் அணைந்தது. அந்த இடத்தில் சாம்பல் மேகம், மூன்று துளி, 24 டிகிரி.

நாச்சியா திரையை விரலால் துடைத்துப் பார்த்தார்.

“எத்தின நாளா மாறாத சாமான், இஞ்ச வந்த உடன ஏன் மாறின?”

மழை கூரையில் அடித்தது. உள்ளே சப்ரி திருத்திக்கொண்டிருந்த போனை மெல்லக் கீழே வைத்தான்.

“அவசரமில்ல தம்பி,” என்றார் நாச்சியா, போனை எடுத்துக்கொண்டு. “நாலு மாசமும் பத்து நாளும் நான் ஒருத்தரையும் காண மாட்டன். முடிய வருவன். யோசிச்சு வைங்க.”

5.

முதல் பகுதிக்குத் திரும்புவோம். அங்கே எழுதியது பொய். அஸருக்குப் பிறகு யாரும் கரையேறவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. கதையின் தொடக்கம் என்று உங்களிடம் தந்தது, நான் ஆசைப்பட்ட முடிவு.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் பகுதியில் அடித்த ‘நான்’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சரியாக அடிக்க முடியவில்லை.

6.

முடிவுகள்:

அ) றினாஸ் சொல்கிறான்: “அது மெய்தான் ராத்தா, கடல்தான் பிறகு மாறினது.” அவர் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் சூரியன் அணைந்ததைக் கண்ட கண்கள் அவை. மூன்று தரம் எழுதிவிட்டேன், மூன்று தரமும் அவர் என்னை நம்பவில்லை.

ஆ) உண்மையைச் சொல்கிறான். நாச்சியா சபிக்கிறார். சாபத்தை எழுதுவது எளிதாக இருந்தது. இன்னொரு பிரதியில் அவர் சபிக்கவில்லை, “அப்ப அது ஒரு பழைய வெயிலா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தான் விலகி நின்ற வாசலுக்கே திரும்பிப் போகிறார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இ) நீங்கள் முதல் பகுதியில் ஏற்கெனவே வாசித்தது.

நான் வாசித்த நாவல்களில் இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடிதம் வரும், அல்லது ஒரு ரயில் புறப்படும். இங்கே இத்தா முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. மாரி போய்விட்டது. மேசைக்கடியில் நாவல் இல்லை, இந்தத் தாள்கள்தான் கிடக்கின்றன. வானிலை வைத்துக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் நாச்சியா வருவார். வாக்கியத்தின் பாதி என்னிடம் இருக்கிறது. மீதியை, உங்களால் முடிந்தால், அதற்கு முன் எழுதித் தாருங்கள்.

“ராத்தா, அண்டைக்கு அந்த வெயில்